துப்பாக்கிமேற் பொறித்த எண்கள்

பெயர் இடுகுறி, காரணம் என இருவகைத்தென்பது நன்னூல் கற்ற சிறாரும் அறிந்ததே. அமெரிக்க நாட்டுப் பழைய நெம்புகோல் துப்பாக்கிகளின்மேற் பொறித்துள்ள எண்களை ஆராயப் புகுந்த யாம், அவ்வெண்களும் இவ்விருவகைக்குள் அடங்குதல் கண்டு வியப்புற்றோம். சங்கத்து அன்பர்கள் அவ்வரலாற்றைச் சிறிது கேட்பாராக.

ஆலிவர் வின்செஸ்டர் என்பார் சட்டை தைப்பிக்கும் வாணிகத்திற் பொருளீட்டிப் பின்னர்த் துப்பாக்கித் தொழிலிற் புகுந்தவர். நியூஹேவன் நகரத்திலிருந்த அவருடைய ஆலை 1873 ஆம் ஆண்டு மாதிரியென ஒரு துப்பாக்கியை வெளியிட்டது. விசையைச் சூழ்ந்த இரும்பு வளையத்தைக் கையாற் கீழே தள்ளி மேலே இழுத்த மாத்திரத்தில், வெறுங்கூடு வெளியே வீழும். குழலின் கீழுள்ள மற்றொரு குழாயினின்று புதிய தோட்டா மேலேறும். தோட்டாவின் அடியில் நடுவிடத்தே வெடிமூட்டி அமைந்திருந்தமையால் அதற்கு ‘வின்செஸ்டர் ஸென்டர் பயர்’ எனப் பெயரிட்டனர். குழலிற் காணும் டபிள்யூ. ஸி. எப். என்னும் மூன்றெழுத்தும் அதன் சுருக்கமே.

ஆயினும், இம்மாதிரியில் முதன்முதற் செய்தவற்றில் தோட்டாவின் அளவு பொறிக்கப்படவில்லை. 44 என்னும் அளவொன்றே அக்காலத்து இருந்தது. ஒன்றேயாயிற் குறி எதற்கு? 1880 ஆம் ஆண்டளவில் 38 உம், 1882 இல் 32 உம் தோன்றியபோதுதான் குழலின்மேலும், தோட்டாவை ஏற்றும் பித்தளைக் கட்டியின் அடியிலும் எண் பொறிக்கும் தேவை நேர்ந்தது. ஆதலின், குறியில்லாத 1873 மாதிரியைப் போலியென்று தள்ளுவார் பிழைபடுவர்.

இனி எண்ணின் பொருளைக் காண்பாம். 44-40 என்பதில் முன்னது, அங்குலத்தை நூறு கூறிட்டு எண்ணிய குண்டின் குறுக்களவு; பின்னது கருவெடிமருந்தின் எடை, 40 கிரெயின். (நம்மவர் நெல்லெடை கொண்டவாறே ஆங்கிலரும் தானியமணியை எடையாக்கினர், கிரெயின் என்னுஞ் சொற்கு அதுவே பொருள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு.) அமெரிக்கப் படையின் 45-70-405 என்னுந் தோட்டாவில் மூன்றாம் எண் குண்டின் எடை. இவை காரணப்பெயர்கள். 1895 இல் வந்த 30-30 இல் இரண்டாம் எண் புகையில்லா மருந்தின் 30 கிரெயினைக் குறித்தது. மருந்து மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. 38-40 இன் நிலையோ இன்னும் விந்தை. அதன் குண்டை அளந்தால் 38 கூறன்று, 40 கூறு உளது! பின்னெண்ணோடு அது ஒத்தது தற்செயலே. 44 என்பதும் உண்மையில் 43 கூற்றுக்குச் சற்றுக் குறைவு. காரணம் தேய்ந்து இடுகுறியாயிற்றுப் போலும்.

இதனை இலக்கண விளையாட்டெனக் கொள்ளற்க. 38 இன் கூடு, 44 இன் கூட்டையே வாய் குறுக்கிச் செய்ததாகலின், 44 இன் அறையுள்ளும் நுழையும். நுழைந்தமையாற் பொருந்திற்றென்று கருதிச் சுட்டால் கூடு பிளத்தல் கூடும். மேலும், 1892 மாதிரி உறுதி மிக்க அமைப்பினது. அதற்கெனச் செய்த வன்மைமிக்க தோட்டாவை 1873 மாதிரியின் பொறி தாங்காது. 44 என்னுங் குறியோ இரண்டிற்கும் ஒன்றே.

பழைய குழல்களைப் பிற்காலத்தார் குடைந்தும் மாற்றியும் வைத்தமையால், குழலின் எண்ணும் பித்தளைக் கட்டியின் எண்ணும் முரணுவதும் உண்டு. அவ்வழித் துப்பாக்கிக் கொல்லர் எவ்வெண்ணையும் நம்பார். எளிதில் உருகும் உலோகத்தை அறையுள் வார்த்து, ஆறியபின் எடுத்து, அவ்வச்சினை அளந்த பின்னரே இன்ன தோட்டாவுக்கு உரியதெனத் துணிவர்.