சொல் மாறிய பையனும் சினந்த ஊரும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வாக்கு விலகலும் ரசிகர் எதிர்வினையும்

2011 பிப்ரவரி 2 அன்று, அந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்த தாக்குதல் வரிசை வீரர்களில் முன்னணியில் வைத்து மதிப்பிடப்பட்ட சைரஸ் கூவாஞ்ஜியோ, தொலைக்காட்சி நேரலையில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். அறிவிப்பைத் தொடர்ந்து கையொப்பமிட்ட தாள் ஃபேக்ஸில் போய்ச் சேர வேண்டும் என்பது அக்கால வழக்கம். ஆபர்னுக்கு அந்தத் தாள் வரவேயில்லை. சில நாள் கழித்து அவர் கையெழுத்திட்டது ஆபர்னின் பரம எதிரியான அலபாமா பல்கலைக்கழகத்துக்கு. அவருடைய அண்ணன் ஆரி ஏற்கெனவே அங்கே சேர்ந்திருந்தார். இரு கல்லூரிகளும் இருக்கும் அலபாமா மாநிலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு பையன் கல்லூரியை மாற்றிக்கொண்ட சங்கதி. உள்ளே இருப்பவர்களுக்கு இந்தப் பகை எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதே மாதத்தில் வெளிவந்த இன்னொரு செய்தி சாட்சி. ஆபர்னில் டூமர்ஸ் முனை என்னும் இடத்தில், வெற்றி நாட்களில் மக்கள் கூடிக் கொண்டாடும் பழைய ஓக் மரங்களுக்கு ஓர் அலபாமா ரசிகர் நஞ்சிட்டிருந்தது அப்போதுதான் தெரியவந்தது.

பள்ளி வீரர் ஒருவர் ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுப்பதைக் ‘கமிட்’ என்றும், அதிலிருந்து விலகுவதை ‘டீகமிட்’ என்றும், விலகிய கையோடு வேறு கல்லூரிக்குப் போவதை ‘ஃபிளிப்’ என்றும் அங்கே சொல்கிறார்கள். வாய்மொழி வாக்குக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. 1964இல் தொடங்கி 2024 வரை, தேசிய ஒப்புதல் கடிதம் என்னும் ஆவணத்தில் கையெழுத்திட்டால்தான் வீரர் கட்டுப்பட்டார். அதற்கான நாள் நெடுங்காலம் பிப்ரவரி முதல் புதன்கிழமையாக இருந்தது. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. வாக்குக்கும் கையெழுத்துக்கும் இடையே மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஓடும். அந்த இடைவெளியில் பையனின் மனம் மாறும்போது ரசிகர்கள் கொள்ளும் சினத்தின் பொருள் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விலகல் அறிக்கைகளுக்கென்று ஓர் அச்சு உருவாகியிருக்கிறது. முதலில் இறைவனுக்கு நன்றி. அடுத்து பெற்றோருக்கும், விலகப்போகும் கல்லூரியின் பயிற்சியாளர்களுக்கும் அதன் ரசிகர்களுக்கும் நன்றி. பிறகு, நெடிய பிரார்த்தனைக்கும் குடும்பத்தாரோடு நடத்திய பேச்சுக்கும் பின் தன் சேர்க்கைக் கதவை மீண்டும் திறப்பதாக ஒரு வரி. கடைசியில், என் முடிவை மதியுங்கள் என்ற வேண்டுகோள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எழுதும் இந்தச் சிறு அறிக்கைகளில் மிக நெருக்கமாகக் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரிதான். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒருவர், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களிடம் முன்கூட்டியே பொறுமை கேட்கிறார். எதிர்வினை எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது.

அந்த எதிர்வினையும் பழகிய தடத்தில்தான் ஓடும். நேற்றுவரை மாணிக்கமாக இருந்தவன் இன்று மிகைப்படுத்தப்பட்டவன் ஆகிறான். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்ற நிலை. சிலர் பயிற்சியாளரைச் சாடுகிறார்கள். சிலர் பணம் கைமாறியது என்கிறார்கள். நல்லபடி இரு தம்பி என்று வாழ்த்துவோர் எப்போதும் உண்டு, அவர்களை மறப்பது நேர்மையாகாது. ஆனால் வசையும் மிரட்டலும் பையனின் கைப்பேசிக்கே நேராகப் போய்ச் சேர்வதும் உண்மை.

வாக்குத் தவறியவன் மீது வரும் அறச்சீற்றம் இது என்பது ரசிகர்கள் தாமே தரும் விளக்கம். அதை நான் ஏற்கவில்லை. வாக்கு மீறல்தான் காரணம் என்றால், வேறொரு கல்லூரிக்குக் கொடுத்த வாக்கை மீறித் தம்மிடம் வரும் பையனையும் அவர்கள் கண்டிக்க வேண்டும், ஆனால் கொண்டாடுகிறார்கள். கல்லூரியே வாக்கு மீறும்போதும் இதே அளவு கொதிக்க வேண்டும். இடங்களைவிட அதிகமானவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு சிலரைக் கழற்றிவிடுவது தென்மாநிலக் கல்லூரிகளில் பல காலம் நடந்தது. 2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகம் 37 பேரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான், எஸ்இசி எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பு ஆண்டுக்கு 28 பேர் என்று வரம்பு கட்டியது. கழற்றிவிடப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கிய ரசிகர் கூட்டம் எதையும் நான் அறியேன்.

விலகலின் காரணத்தைப் பொறுத்துச் சினத்தின் அளவு மாறுவதும் கவனத்துக்குரியது. 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்ததும், அதே மாநிலத்தின் சாராலாண்டைச் சேர்ந்த ரயன் வில்லியம்ஸ் தன் வாக்கிலிருந்து விலகினார். யாரை நம்பி வாக்குக் கொடுத்தாரோ அவரே போய்விட்டார் என்பதை ஊர் புரிந்துகொண்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் திரும்பி வந்தார், வரவேற்கப்பட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில், பதினேழு வயதில், அவர் பந்தைப் பிடித்து எடுத்த 75 கெஜ டச்டவுன்தான் 41-34 வெற்றியைத் தேடித்தந்தது. அவரும் வாக்கு மாறியவர்தான். ஆனால் அவருடைய விலகல் அந்த ஊரைக் குறைத்து மதிப்பிடவில்லை.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ராபர்ட் சியால்டினியும் சக ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, தம் கல்லூரி அணி வென்ற வார இறுதிக்குப் பின்வரும் திங்கட்கிழமையில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் பொறித்த உடைகளை அதிகம் அணிவதைக் காட்டியது. பிறர் பெற்ற புகழின் ஒளியில் தாமும் குளிர்காய்வது என்று இதை விளங்கிக்கொண்டார்கள். பள்ளி வீரரின் வாக்கு இந்த உறவைத் தலைகீழாக்குகிறது என்பது என் கருத்து. அவன் இன்னும் எந்தப் புகழையும் ஈட்டித் தரவில்லை. அவன் தருவது வேறு. நாட்டின் பெரிய கல்லூரிகளெல்லாம் கதவு தட்டிய ஒருவன், அவற்றைத் தள்ளிவிட்டு, நம் ஊரைத் தேர்ந்தெடுத்தான் என்ற அங்கீகாரம் அது. வளாகத்தைப் பார்க்க வரும் வீரருக்குச் சீருடை அணிவித்து, விளக்குகள் சூழப் படம் எடுப்பார்கள். அவன் வென்ற புகழின் ஒளியில் ஊர் குளிர்காயவில்லை. ஊரின் உடையை அவன் அணிந்ததே ஊருக்குப் பெருமை.

அலபாமா, மிசிசிப்பி, நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களில் முதன்மைத் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லின் அணி ஒன்றுகூட இல்லை. வறுமைக்கும் பின்தங்கலுக்கும் எடுத்துக்காட்டாகவே தேசியச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும், சனிக்கிழமை ஆட்டம்தான் நாடு தங்களை மதிப்போடு பார்க்கும் பொழுது. வாக்கு விலகல் அங்கே ஒரு தீர்ப்பாகக் கேட்கிறது: இந்த ஊர் எனக்குப் போதாது. சினத்தின் வேர் இந்தக் காயம். இதை அற்பம் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், அதிருப்தியுற்றவர் விலகலாம் அல்லது குரல் எழுப்பலாம் என்றும், பற்று இவ்விரண்டுக்கும் இடையே நின்று வேலை செய்கிறது என்றும் விளக்கினார். பையன் விலகலாம், பயிற்சியாளர் விலகலாம். பிறந்த ஊரின் அணியை விட்டு விலகும் வழி ரசிகருக்கு மட்டும் கிடையாது. அவருக்கு எஞ்சியிருப்பது குரல். அது அளவு மீறி உரக்க ஒலிப்பதில் வியப்பில்லை.

இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க டிராவிஸ் ஹண்டரின் விலகலைவிடப் பொருத்தமான நிகழ்வு இல்லை. ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி வீரரான ஹண்டர் 2020 மார்ச்சில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்தார். அந்த அணி சரிவில் இருந்த காலம் அது. 2021இல் 5 வெற்றி, 7 தோல்வி. சரிவின் நடுவே, நாட்டின் முதல்நிலை வீரர் எங்களுக்கு வருகிறார் என்பதே அவர்களுடைய ஆறுதல். 2021 டிசம்பர் 15 அன்று, கையெழுத்திடும் நாளிலேயே, அவர் மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே பயிற்சியாளர் டீயான் சாண்டர்ஸ். ஃபுளோரிடா ஸ்டேட்டில் ஆடிப் புகழ்பெற்ற அதே சாண்டர்ஸ். தம் சொந்த வீட்டு நாயகனே தம் பிள்ளையைக் கொண்டுபோனதாக அந்த ரசிகர்களுக்குத் தோன்றியது.

அதே மணி நேரத்தில் ஜாக்சனிலும், வரலாற்று வழிக் கறுப்பினக் கல்லூரிகளின் உலகம் முழுவதிலும் எழுந்தது பேருவகை. அதன் காரணத்தை அறிய வரலாற்றுக்குள் போக வேண்டும். 1967 வரை தென்கிழக்குக் கூட்டமைப்பின் கால்பந்து ஆட்டம் எதிலும் ஒரு கறுப்பின வீரர்கூட இறங்கியதில்லை. தெற்கின் வெள்ளைக் கல்லூரிகள் கதவடைத்திருந்த காலத்தில் கறுப்பின இளைஞர்களை ஆளாக்கியவை ஜாக்சன் ஸ்டேட், கிராம்ப்ளிங் போன்ற கல்லூரிகள். வால்டர் பேட்டன், லெம் பார்னி, ஜாக்கி ஸ்லேட்டர், ராபர்ட் பிரேசில் என நான்கு பேரை ஜாக்சன் ஸ்டேட் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மாடத்துக்கு அனுப்பியிருக்கிறது. கதவுகள் திறந்தபின் திறமை பெரிய கல்லூரிகளுக்கு ஒழுகிப்போனது. இந்தக் கல்லூரிகள் பணமும் நாட்டின் கவனமும் குறைந்து தேய்ந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதல்நிலை வீரன் ஒருவன் எதிர்த்திசையில் நடந்து வருகிறான். ஒரே செயல், ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஊரான டல்லாஹாசியில் துரோகம். ஜாக்சனில் வீடு திரும்புதல். செயலின் அறத் தன்மை இரண்டு ஊரிலும் ஒன்றே. மாறியது, யார் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பது மட்டும்.

கதை அதோடு முடியவில்லை. 2022 டிசம்பர் 3 அன்று தம் கூட்டமைப்பின் பட்டத்தை வென்ற கையோடு சாண்டர்ஸ் கொலராடோவுக்குக் கிளம்பினார். ஹண்டரும் பின்னால் போனார். 2024இல் அங்கே கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றார். 2021இல் டல்லாஹாசி பட்ட வலியை 2022இல் ஜாக்சனும் பட்டது. என் பார்வையில் ஜாக்சனின் வலி கூடுதல் கனமானது. இழந்ததை மீட்க அதற்கு அடுத்த ஆண்டின் பெரும் பட்டியல் எதுவும் காத்திருக்கவில்லை.

காயம் உண்மையானது என்றால், அது ஏன் பையன் மேல் இறங்குகிறது? கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ விதிகளின்படி, கையெழுத்து ஆகும் முன் ஒரு வீரரைப் பற்றிப் பயிற்சியாளர் வெளிப்படையாகப் புகழ்ந்துரைக்கக் கூடாது. அவரைத் தேடிக்கொண்டிருப்பதாக உறுதிப்படுத்தலாம், அவ்வளவே. எனவே வாக்குக் கிடைத்த இரவில் பயிற்சியாளர்கள் பெயர் சொல்லாமல் ஆர்ப்பரிக்கும் ஒரு சொல்லையோ ஒரு படத்தையோ வெளியிடுவார்கள். மீதியை ரசிகர்கள் பேசுவார்கள். நிறுவனத்தின் வாயைக் கட்டிய விதி, ரசிகரை நிறுவனத்தின் நாவாக்கிவிட்டது. வரவேற்புரை நிகழ்த்தியவர்களே வழியனுப்பும்போதும் பேசுகிறார்கள். பல்கலைக்கழகமோ இரு பொழுதிலும் மௌனம் காத்து, பழியிலிருந்து தப்பிக்கொள்கிறது.

பையனுக்குக் கொடுக்கப்பட்ட ‘ஆஃபர்’ என்பதும் வெறும் வாய்ச்சொல்தான். பள்ளி இறுதியாண்டு ஆகஸ்ட் 1க்கு முன் எழுத்தில் எதுவும் தரக் கூடாது என்பது விதி. 2010இல் டேவிட் சில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுவன் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்தார். பயிற்சியாளர் லேன் கிஃபின் அதை ஏற்றார். அதற்குச் சில வாரம் முன்புதான் கிஃபின் ஒரே ஒரு பருவத்தோடு டென்னசி பல்கலைக்கழகத்தை உதறிவிட்டு வந்திருந்தார். 2013இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். சில்ஸ் பிறகு விலகி, மேற்கு வர்ஜீனியாவில் ஆடினார். பதினெட்டு வயது நிறையாதவர் செய்த ஒப்பந்தத்தை அவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொதுநெறி. சட்டம் விடுவிக்கும் சிறுவனை அரங்கம் விடுவிக்க மறுக்கிறது.

2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பணம் ஈட்டலாம் என்றான பிறகு, ‘கலெக்டிவ்’ எனப்படும் நிதியமைப்புகளுக்கு ரசிகர்களே மாதந்தோறும் பணம் கட்டத் தொடங்கினார்கள். பழைய காயத்தோடு கடன் கொடுத்தவரின் தொனியும் சேர்ந்துகொண்டது. மிச்சிகனின் பெல்வில் ஊரைச் சேர்ந்த குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் 2024 நவம்பரில் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை (எல்எஸ்யூ) விட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, ஒரு பக்கம் விலைபோனவன் என்றது. மறுபக்கம் மண்ணின் மைந்தன் என்றது. ஜேடன் ரஷாடா விஷயத்தில் பணத்தின் மறுமுகம் தெரிந்தது. 2022 நவம்பரில் மயாமியை விட்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பேசப்பட்டதாகச் சொல்லப்பட்ட 1.385 கோடி டாலர் வந்து சேரவில்லை. 2023 ஜனவரியில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். 2024 மே மாதம் ஃபுளோரிடாவின் அப்போதைய பயிற்சியாளர் பில்லி நேப்பியர் உள்ளிட்டோர் மீது வழக்குத் தொடர்ந்தார். பணத்தாசை பிடித்த பையன் என்ற சித்திரத்துக்குள் இந்த நிகழ்வு அடங்காது. வாக்குக் கொடுத்துவிட்டுக் கைவிரித்தார்கள் என்று அவர் குற்றம் சாட்டியது பெரியவர்களை.

2024 அக்டோபரில் தேசிய ஒப்புதல் கடிதமே கைவிடப்பட்டு, அதன் இடத்தில் நிதியுதவி ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. சேர்ந்த வீரரும் மறு ஆண்டே மாற்றல் பட்டியலில் பெயர் பதிந்து வெளியேறலாம். இந்தத் தளர்வைப் பற்று அழிந்ததன் அடையாளமாகக் காண்போர் பலர். என் கவலை வேறிடத்தில். வாய்மொழி ஆஃபர் கொடுக்கும் பயிற்சியாளர், அதன் நிபந்தனைகளை அன்றே எழுதிப் பையனின் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யலாம்: இந்த இடம் எதுவரை உனக்கு, என்ன நேர்ந்தால் இல்லை, நான் போய்விட்டால் என்ன ஆகும். அத்தகைய தாள் ஒன்று இருந்திருந்தால், 13 வயதுச் சிறுவனிடம் வாக்கு வாங்க எந்தப் பயிற்சியாளரும் துணிந்திருக்க மாட்டார். ரசிகரும் தம் கேள்வியைப் பல்கலைக்கழகத்தின் வாசலில் போய்க் கேட்டிருப்பார்.