எலிவளையும் வெறுங்கையும்: உத்திரமேரூர் வட்டாரத்தில் எலிக்கடியின் வரலாறு

குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கும் முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற உத்திரமேரூரில், ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் என்னும் தனிக்குழு இயங்கியதை அக்கல்வெட்டுகளே தெரிவிக்கின்றன. ஏரிநீர் பாய்ந்த இடமெல்லாம் நெல் விளைந்தது; நெல் விளைந்த வயல்களின் வரப்புகளில் எலிகள் வளை தோண்டிக் கதிர்களைச் சேர்த்தன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகத்துக்குப் போகம் தொடரும் இந்தச் சேதத்தைக் கட்டுப்படுத்தும் வேலையைப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள் இருளர் என்னும் பழங்குடியினர். அவர்கள் பிடித்த எலி அவர்களுக்கே உணவாயிற்று. வளைக்குள் எலி பதுக்கிய நெல்லும் அவர்கள் அடுப்புக்கு வந்து சேர்ந்தது.

வரப்பில் குடியிருக்கும் எலிகள் ஒரே வகையின அல்ல. மணற்பாங்கான மேட்டு நிலத்தில் வெள்ளெலியும், நெல்வயலில் கருநிற வயலெலியும், ஊரையொட்டிய இடங்களில் பெருச்சாளியும் மிகுதி. இவற்றுள் நெல்லை மிகுதியாகப் பதுக்குவது வயலெலி. அது உள்ளே சென்றதும் வளையின் வாயைப் புதுமண்ணால் அடைத்துக்கொள்ளும் இயல்புடையதாதலால், ஈரம் உலராத மண்குவியலைக் கண்டதுமே உள்ளே எலி இருப்பதை இருளர் அறிந்துகொள்வர். பின்னர், தப்பிச் செல்லும் வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக மண்ணிட்டு மூடி, ஒரு வாயை மட்டும் விட்டுவைத்துப் புகை ஊதுவதோ, கடப்பாரையால் வளையைப் பின்தொடர்ந்து தோண்டுவதோ நடைபெறும். முடிவில் கைதான் உள்ளே செல்லவேண்டும். மூலையில் ஒடுங்கிய எலி ஓட வழியில்லாதபோது பாய்ந்து கடிக்கும். வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் அதன் வெட்டுப்பற்கள் மெலிந்தும் கூர்மையாகவும் இருப்பதால், காயத்தின் வாய் சிறிதாகத் தோன்றினும் ஆழம் மிகுதியாக இருக்கும். தேர்ந்த கை இதைத் தவிர்ப்பதற்காகப் பிடரியைத் தேடும். தலைக்குப் பின்னே விரல் விழுந்துவிட்டால் எலியால் திரும்பிக் கடிக்க இயலாது.

எலி வெட்டிய வளையிலேயே நல்லபாம்பும் தங்குவதால், எலி பிடிப்பதும் பாம்பு பிடிப்பதும் ஒரே கைத்திறனின் இரு முகங்களாயின. பாம்புக்கடி உயிரைப் பறிக்கக்கூடியது; ஆகவே அதைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெருகின. இருளரின் கைகள் நாள்தோறும் எதிர்கொண்டதோ எலியின் பல்லை. தொழில் வரலாற்றை எழுதுவோர் இந்தச் சிறு காயத்துக்கு உரிய இடம் தராதது பெருங்குறையே.

பழைய மருத்துவ நூல்கள் இவ்வகையில் அலட்சியம் காட்டவில்லை. சுசுருத சம்ஹிதையின் கற்பத்தானம், அதாவது நஞ்சு மருத்துவத்தைக் கூறும் பகுதி, எலி நஞ்சின் பெயரால் ஓர் இயலை அமைத்துப் பதினெட்டு வகை எலிகளைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. கட்டி, காய்ச்சல், மூட்டுவலி ஆகியவை எலியால் வரும் என்றும், கடித்த இடத்தைச் சுட்டுக் குருதியை வெளியேற்றி, வாகை, மஞ்சள், சீந்தில் முதலியவற்றை அரைத்துப் பூசவேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்தில் எலிக்கடிக்குரிய மூலிகையாக அழிஞ்சில் பெயர்பெற்றது. இம்மருந்துகளின் பயன் எவ்வளவு என்பது வேறு ஆய்வுக்குரியது. ஆயினும், எலிக்கடியால் வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் அன்றே கவனிக்கப்பட்டிருப்பது மதிக்கத்தக்கது.

அக்காய்ச்சலின் காரணத்தை நுண்ணோக்கி வழியே தேடிய வரலாற்றிலும் இந்தியாவுக்கு இடமுண்டு. கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படம் வரைந்தவரான ஹென்றி வாண்டைக் கார்ட்டர், இந்திய எலி ஒன்றின் குருதியில் சுருள்வடிவ நுண்ணுயிரைக் கண்டு 1880-களின் இறுதியில் வெளியிட்டார். அத்தகைய சுருளுயிரே மனிதருக்கு எலிக்கடிக் காய்ச்சலை உண்டாக்குகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினர். இவ்வகை நோயில் புண் முதலில் ஆறிவிடுகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அதே இடம் மீண்டும் வீங்கிக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. அதற்குள் கடிபட்டதே மறந்துபோயிருக்கும் என்பதால் நோயின் காரணம் எளிதில் பிடிபடுவதில்லை. வேறொரு நுண்ணுயிரால் வரும் மற்றொரு வகை பெரும்பாலும் பத்து நாளுக்குள் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியுமாகத் தொடங்கும். இரண்டுக்கும் பெனிசிலின் மருந்தாகும். எலிக்காய்ச்சல் என்று மக்கள் வழங்கும் லெப்டோஸ்பைரோசிஸ் இவற்றினின்று வேறானது. அது பெரும்பாலும் எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் தோலின் கீறல்களில் படுவதால் வருவது. வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்த ஆபத்து மிகுதி.

பல் ஒருபுறமிருக்கப் புகையும் இருளரின் உடலை வருத்தியது. அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைப் புகையவிட்டு, பானையின் வாயை வளையோடு பொருத்தி, துளையில் வாய்வைத்து ஊதுவதே பழைய முறை. இதனால் உதடும் கையும் வெந்தன; நெஞ்சிலும் புகை ஏறியது. பின்னர், வாயால் ஊதாமல் கையால் இயக்கும் எஃகுக் கருவியை இருளர்களிடையே பரப்பும் திட்டம் ஒன்று 2003-இல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தைப் போட்டியில் பரிசு பெற்றது. எவரும் எளிதில் எண்ணிப் பார்க்கக்கூடிய இத்தீர்வு இத்தனை காலம் தாழ்ந்து வந்தது வருந்தத்தக்கது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டதன் பின் பாம்புத்தோல் வணிகம் முடங்கியபோது, இருளரின் திறன் வேறு வழியில் திருப்பப்பட்டது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, வடநெம்மேலியில் பாம்பு நஞ்செடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்கத் தொடங்கியது. நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதைச் சட்டம் தடுப்பதால், மேலைநாடுகளைப் போலச் செல்லப் பாம்புக்கு இரையாக எலி வளர்க்கும் பழக்கம் இங்கே வேரூன்றவில்லை. வயலுக்கு வெளியே, பாம்புப் பண்ணைகளின் இரைத்தேவையில் எலியைக் கையாளும் வேலை எழுகிறது. உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டால் அது பசியற்ற பாம்பையே கடித்துப் புண்படுத்தக்கூடும் என்பதால், கொன்ற எலியை நீண்ட இடுக்கியால் நீட்டுவதே பராமரிப்போருக்கும் பாம்புக்கும் பாதுகாப்பான முறையாகும். உயிர் எலியை இடம் மாற்றுவோர் தடித்த கையுறை அணிந்தோ, எலியை ஒரு குழாய்க்குள் ஓடவிட்டோ மாற்றுவது கடியைக் குறைக்கும். வாலின் நுனியைப் பிடித்துத் தூக்குவது ஆகாது; தோல் உரியும், எலி வளைந்து கடிக்கும்.

வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கும் திறனுக்காக 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அத்திறன் கைகூடிய அதே வரப்புகளில் எலி பிடிப்பவர் இன்றும் கடிபடுகின்றனர். கடித்த உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணிநேரம் காயத்தைக் கழுவுவதும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிவுநோய் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டுக்கொள்வதும் முதற்கடமை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி வீட்டெலிக் கடிக்கு அரிதாகவே தேவைப்படும். காட்டு எலியாயின் அதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். அடுத்த மூன்று வாரங்களில் காய்ச்சல் கண்டால், புண் ஆறியிருப்பினும், எலி கடித்த செய்தியையும் செய்யும் தொழிலையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.