போரில் மறைந்தோரும் நம் வழிபாட்டு மரபும்

போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, நீராட்டி, பெயர் பொறித்து வழிபடுவது தமிழரின் மிகப் பழைய வழிபாடுகளுள் ஒன்றாகும். கல்லைக் கண்டு தேர்வது தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் இதனை வகுத்துரைக்கிறது. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்தவை; கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தவை என ஆய்வாளர் கணித்துள்ளனர். அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனின் பெயரையும் பூசல் நிகழ்ந்த ஊரையும் தாங்கி நிற்கிறது. மன்னர் புகழ்மாலை எதுவும் அதில் இல்லை. இன்னான், இவ்விடத்துப் பூசலில் பட்டான் என்பது மட்டுமே. இறந்தவனுக்குச் செய்யும் முதற் கடமை அவன் பெயரைக் காப்பது என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

பால்மரக் காடுகளில் உழைக்க மலாயாவுக்கு வந்த தமிழர் இம்மரபைத் தம்மோடு கொண்டுவந்தனர். தோட்டப்புறங்களில் எழுந்த மதுரை வீரன் சந்நிதிகளே இதற்குச் சான்று. கதைப்பாடலின்படி, வாளேந்தி ஊரைக் காத்துப் பின் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டவன் மதுரை வீரன். மாண்ட வீரன் தெய்வமாகி எல்லையைக் காக்கிறான் என்ற நம்பிக்கையில் வளர்ந்த அச்சமூகத்தில், 1941 முதல் 1945 வரை நடந்த போர் பல வீடுகளிலிருந்து ஒரு மகனை, ஒரு கணவனை, ஒரு தம்பியை எடுத்துக்கொண்டது. அவர்களுள் பலருக்கு நடுவதற்குக் கல் இல்லை. எரியூட்ட உடலும் கிட்டவில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தாபாருவில் கரையிறங்கினர். ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர் எனப் பின்வாங்கிப் போரிட்ட படைகளுள் பெரும்பங்கு இந்திய இராணுவத்தினர். பஞ்சாபியர், கூர்க்கர், கார்வாலியர் ஆகியோரோடு, பாலமும் பாதையும் அமைக்கும் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினரும் இருந்தனர். அக்களங்களில் சிதறிக் கிடந்த உடல்கள் போருக்குப் பின் தைப்பிங்கில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 860க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர்; 500க்கும் மேற்பட்டோர் இன்னார் என அறியப்படாதவர்கள். சாலையின் ஒருபுறம் கிறிஸ்துவரும், மறுபுறம் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரரும் அடக்கமாகியுள்ளனர்.

சிங்கப்பூரின் கிராஞ்சியில் 1957 மார்ச் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட நினைவிடம் இதனினும் பெரிது. கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. அதன் பின்புறம், பார்வையாளர் பலர் கவனியாது செல்லும் மற்றொரு சின்னம் இருக்கிறது. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரரின் பெயர்களைக் கொண்டது அது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியப் படையினர். சாம்பலாகிவிட்டவனுக்குக் கல்லறை எதற்கு என்று கேட்டுவிடாமல், அவனுக்கும் கல்லில் ஓர் இடம் தரப்பட்டது.

1917இல் நிறுவப்பட்ட போர்க் கல்லறை ஆணையம், பதவியும் இனமும் சமயமும் பாராது அனைவரையும் ஒன்றாக நினைவுகூர்வதைக் கொள்கையாகக் கொண்டது. எனினும் முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர் பலர் விடயத்தில் அக்கொள்கை பேணப்படவில்லை என்பதை 2021ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கையில் அவ்வாணையமே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. நூறு ஆண்டு கழித்தேனும் சொல்லப்பட்டது நன்று.

கிராஞ்சிச் சுவரில் பெயர் பெற்றோர் பிரிட்டிஷ் பேரரசின் படைகளைச் சேர்ந்தவர்கள். அச்சுவருக்குள் அடங்காத மற்றொரு கூட்டம் உண்டு. 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்திறங்கிய பின்னர், தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் தமிழ் இளைஞர் திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்களும் அவர்களுள் இருந்தனர். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களும் அவ்வாறே. 1944ஆம் ஆண்டு இம்பால் முயற்சி தோற்று, அடைமழையில் பர்மாவின் காடுகள் வழியே திரும்பியபோது, குண்டடி பட்டு இறந்தோரைக் காட்டிலும் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் இறந்தோரே மிகுதி. வழியோரத்தில் விழுந்தவரை நின்று புதைக்கவும் உடன் சென்றவர்க்கு வலுவில்லை.

அவர்களுக்கென்று ஒரு கல் நடப்படாமல் இல்லை. 1945 ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர் எஸ்பிளனேட் கடற்கரையில் நேதாஜி தம் கையாலேயே நினைவுச் சின்னத்திற்கு அடிக்கல் நாட்டினார். கர்னல் சிரில் ஸ்டிரேசி என்ற அதிகாரியின் பொறுப்பில் அது விரைந்து எழுந்தது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பர் மாதம் பிரிட்டிஷார் திரும்பி வந்த சில நாள்களிலேயே மவுண்ட்பேட்டன் ஆணைப்படி அது தகர்க்கப்பட்டது. உயிரோடிருந்தோரின் பகைமை இறந்தோரின் கல்லையும் விடவில்லை. பின்னர் மணிப்பூரின் மொய்ராங்கில் அதைப் போன்றதொரு சின்னம் எழுப்பப்பட்டது. சிங்கப்பூரில் அது நின்ற இடத்தில் 1995ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைக் கழகம் ஓர் அடையாளப் பலகையை நிறுவியது. சின்னம் இங்கே இருந்தது என்று அது சொல்கிறது. எவரெவர்க்காக எழுந்தது என்ற பெயர்வரிசை அதில் இல்லை.

சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தோட்டத் தொழிலாளரின் கதை வேறு. படையினர் அல்லர் என்பதாலேயே போர்க் கைதிகளுக்குக் கிட்டிய கல்லறை வரிசைகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.

பெயருக்கு அடுத்தபடியாக, எஞ்சிய குடும்பத்தாரை வாட்டியது நாள் பற்றிய கேள்வி. ஆண்டுத் திதி கொடுக்க மாதமும் பட்சமும் திதியும் தெரிந்தாக வேண்டும். கிராஞ்சியில் பெயருள்ளோரிலும் பலருக்கு இறந்த நாள் தெரியாது. காணாமற்போன அல்லது சிறைப்பட்ட காலமே பதிவேட்டில் இடம்பெற்றுள்ளது. பர்மாக் காட்டில் இறந்தவருக்கு அதுவும் இல்லை. இறந்தானா, எங்கேனும் உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாத நிலையில் ஒரு மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா?

இக்கேள்விக்குச் சாஸ்திரம் விடை வைத்திருக்கிறது. காணாமற்போனவருக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பின் தர்ப்பையால் உருவம் செய்து, அதற்கு எரியூட்டிக் கருமங்களை நிறைவேற்றலாம். 1945இல் செய்தி அற்றுப்போனவர்க்கு அக்கெடு 1957இல் முடிந்தது. கிராஞ்சி நினைவிடம் திறக்கப்பட்டதும் மலாயா விடுதலை பெற்றதும் அதே ஆண்டில்தான். இறந்தது உறுதியாகி, திதி மட்டும் தெரியாதவர்க்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்பது வழக்கம்.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. புரட்டாசியில் வரும் மகாளய பட்சத்தில், அமாவாசைக்கு முந்திய சதுர்த்தசி, ஆயுதத்தால் கொல்லப்பட்டோர்க்கென்றே ஒதுக்கப்பட்டது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதனைக் கூறுகிறது. பஞ்சாங்கங்களில் அந்நாள் சஸ்திரஹத மகாளயம் எனக் குறிக்கப்படும். போரில் மாண்டவனுக்கு ஆண்டில் ஒரு நாள் வேண்டும் என்ற எண்ணம், இவ்வாறு பன்னெடுங்காலத்திற்கு முன்பே நம் நாட்காட்டியில் இடம்பெற்றுவிட்டது. அமாவாசையன்று கூட்டம் நிறைந்திருக்கும் கோயில்களில் முந்திய நாள் ஆளரவம் குறைந்திருப்பதற்குக் காரணம் அறியாமையே அன்றி அலட்சியம் அன்று.

தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றுக்குப் புரோகிதரும் பஞ்சாங்கமும் எட்டாதவை. அவர்கள் தீபாவளிக்கு முன்னர் இடும் படையலில், திரும்பி வராதவருக்கும் ஓர் இலை போட்டு, அவர் விரும்பி உண்டதை வைத்து, பெயர் சொல்லிக் கும்பிட்டனர். சடங்கு எளியது, நோக்கம் ஒன்றே.

படைக்குச் சென்றோருள் பலர் மணமாகாத இளைஞர். எள்ளும் நீரும் இறைக்க மகன் இல்லை. பெற்றோர் காலமான பின் உடன்பிறந்தாரின் பிள்ளைகளே அவர்களை அறிந்தவர்கள். இன்று அவர்களும் முதுமை எய்திவிட்டனர். மகாளயத்தில் மட்டும், தந்தை வழி தாய் வழி மூன்று தலைமுறையோடு, காருணிக பித்ருக்கள் என்ற பிரிவில் சிற்றப்பன், மாமன், அண்ணன், ஆசான், நண்பன் ஆகியோர்க்கும் தர்ப்பணம் செய்ய இடமுண்டு. அவரவர் பெயரும் கோத்திரமும் கூறப்படும். கோத்திரம் தெரியாவிடில் சிவ கோத்திரம் அல்லது காசியப கோத்திரம் என்று கூறுவது வழக்கம். பெயரை மட்டும் குடும்பத்தார்தான் சொல்ல வேண்டும்.

தர்ப்பணம் முடியும் தறுவாயில் கூர்ச்சத்தின் முடிச்சைப் பிரித்து, உறவென்று எவரும் எஞ்சியிராதவர்க்கென ஒருமுறை எள்நீர் விடப்படுகிறது. அதற்குப் பெயர் கேட்பதில்லை.