கோபால் பாட்டி சொன்னதும் சொல்லாததும்

முதல்லயே சொல்லிடறேன், இது சரோஜாதேவி கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்ட கோபால் இல்லீங்க. மெயின்ஃப்ரேமில் பொட்டி தட்டும் என்னைப் போன்ற ஜீவன்களுக்குச் சோறு போடும் கோபால். கணினி மொழி. 1959-ல் கமிட்டி போட்டுப் பேசி, 1960-ல் ஓட ஆரம்பிச்சு, அமெரிக்க வங்கிகளிலும் இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் இன்னமும் ஓடிக்கிட்டிருக்கு. நான் பிறக்கறதுக்கு முன்னாடி யாரோ எழுதி வச்ச ப்ரோகிராமுக்கு நான் மராமத்து பார்த்துக்கிட்டிருக்கேன். காலேஜ்ல கூடப் படிச்சவங்க எல்லாம் ஏஐ, க்ளவுட்னு பேசறப்ப நான் மெதுவா நழுவி டீ குடிக்கப் போயிடுவேன்.

அந்த மொழிக்கு ஒரு பாட்டி உண்டு. பேரு கிரேஸ் ஹாப்பர். கணக்கில் டாக்டர் பட்டம், அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல். 'கோபால் பாட்டி'ங்கறது நான் வச்ச பேர் இல்லை, அமெரிக்காக்காரங்களே வச்சதுதான்.

மகளிர் தினம் வந்தா ஆபீஸ்ல ஒரு ரோஜாப்பூ, ஒரு கப் கேக், அப்புறம் மெயில்ல சாதனைப் பெண்களின் பொன்மொழிகள். வருஷா வருஷம் ஹாப்பர் பேர்ல மூணு வரும். அனுமதி கேக்கறதை விட, செஞ்சுட்டு மன்னிப்பு கேக்கறது சுலபம்கிறது ஒண்ணு. துறைமுகத்திலேயே நிக்கற கப்பலைப் பத்தி ஒண்ணு. 'எப்பவும் இப்படித்தானே செய்யறோம்'ங்கற பேச்சு மாதிரி ஆபத்தான பேச்சு வேற இல்லைங்கறது மூணாவது.

கப்பல் வாசகம் அந்தம்மாவோடது இல்லை. ஜான் ஷெட் என்பவர் 1928-லயே எழுதினது. அந்தம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், போற இடமெல்லாம் சொன்னாங்க, அவங்க பேர்லயே ஒட்டிக்கிச்சு. அதே மாதிரிதான் அந்த விட்டில் பூச்சிக் கதையும். 1947 செப்டம்பர் 9-ல் ஹார்வர்டில் மார்க் 2 இயந்திரத்தோட ரிலேயில் ஒரு பூச்சி சிக்கிக்கிச்சு, எடுத்து லாக் புத்தகத்துல டேப் போட்டு ஒட்டி வச்சாங்க. இது நிஜம். அந்தப் பக்கம் ஸ்மித்சோனியன் மியூசியத்துல பத்திரமா இருக்கு. ஆனா பூச்சியைப் பிடிச்சது ஹாப்பர் இல்லை, 'பக்'ங்கற வார்த்தையும் அன்னைக்குப் பிறந்ததில்லை. எடிசன் காலத்துலயே புழக்கத்துல இருந்தது.

அனுமதி, மன்னிப்பு விஷயத்துக்கு அப்புறம் வரேன். அதுல எனக்கு ஒரு சொந்த வழக்கு இருக்கு.

1906-ல் நியூயார்க்கில் பிறந்தவங்க. ஏழு வயசுல வீட்டுல இருந்த அலாரம் கடிகாரங்களை ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டு, அம்மா கண்டுபிடிக்கறதுக்குள்ள ஏழு கடிகாரம் காலி. அம்மா திட்டலை, இனிமே ஒண்ணே ஒண்ணுதான் உனக்குன்னு சொல்லி விட்டுட்டாங்களாம். (எங்க வீட்டுல ரேடியோவைப் பிரிச்சதுக்கு எனக்குக் கிடைச்சது வேற.) 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். வாஸர் கல்லூரியில் பேராசிரியை. நல்ல வேலை, நல்ல பேரு. அப்படியே ரிட்டயர் ஆகியிருந்தா இன்னைக்கு யாருக்கும் அவங்களைத் தெரிஞ்சிருக்காது.

போர் வந்தது. கடற்படையில் சேரப் போனாங்க. வயசு அதிகம், எடை கம்மின்னு சொன்னாங்க. எடைக்கு விலக்கு வாங்கி, கல்லூரியில் லீவு வாங்கி, 1943 டிசம்பரில் சேர்ந்தப்ப வயசு 37. பயிற்சிப் பள்ளியில் முதல் ஆளா தேறி, 1944-ல் ஹார்வர்டுக்குப் போனா, அங்கே ஹோவர்ட் ஐக்கன் என்ற மனுஷன் 51 அடி நீள இயந்திரம் ஒண்ணை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். மார்க் 1. வந்த அன்னைக்கே, இத்தனை நாள் எங்க போயிருந்தேன்னு ஒரு அதட்டல். ஒரு வாரத்துல இந்தக் கணக்கு முடியணும்னு ஒரு உத்தரவு. அப்புறம் ஒரு நாள், இந்த இயந்திரத்துக்கு நீ புத்தகம் எழுதறேன்னார். எனக்கு எழுத வராதுன்னு இவங்க சொல்ல, நீ இப்ப கடற்படையில இருக்கேன்னு பதில். ஐநூறு பக்கத்துக்கு மேல ஒரு கையேடு எழுதி முடிச்சாங்க. டேமேஜர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே அச்சுதான் போல :-)

37 வயசுன்னு நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எனக்கு 28. ஊருக்குப் போன் பண்ணா அம்மா முதல்ல சாப்பிட்டியான்னு கேப்பாங்க, ரெண்டாவது ஜாதகம். ஆபீஸ்லயோ, ஆறு வருஷம் கோபால்ல இருந்துட்டே, இனிமே வேற எதுக்கும் மாத்த முடியாதும்மாங்கறாங்க. ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தற மாதிரி இருக்கும். அப்படி ஒரு ராத்திரி ராஜினாமா மெயிலை டைப் பண்ணி ட்ராஃப்ட்ல வச்சுட்டு, சும்மா படிக்க ஆரம்பிச்சதுதான் ஹாப்பர் கதை.

ஆனா 37-ல் கதவு திறந்ததும் எல்லாம் சுகமாப் போயிடலை. 1945-ல் விவாகரத்து. போர் முடிஞ்சு நிரந்தரக் கடற்படைக்கு மாத்திக் கேட்டா, வயசைக் காட்டி மறுத்துட்டாங்க. ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கலை. அந்த நாட்கள்ல குடிப்பழக்கம் அவங்களை ரொம்பவே ஆட்டி வச்சது. இதெல்லாம் மகளிர் தின மெயில்ல வராது. வந்தா கப் கேக் இறங்காது.

1949-ல் ஃபிலடெல்ஃபியாவில் எக்கர்ட்-மாக்லி கம்பெனியில் சேர்ந்தாங்க. யூனிவாக் தயாரான இடம் அது. என்னோட கதைக்கு முக்கியமான இடமும் அதுதான், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

அப்போ ப்ரோகிராம் எழுதறவங்க ஒருத்தர் நோட்டுலேர்ந்து இன்னொருத்தர் பார்த்து எழுதுவாங்க. ஒருத்தர் எழுதி வச்ச சைன் கணக்கை நீங்க எடுத்துக்கிட்டா, அதுல இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் உங்க ப்ரோகிராமுக்கு ஏத்த மாதிரி கூட்டி மாத்தணும். ப்ரோகிராமர்களுக்குக் கூட்டவும் தெரியலை, காப்பியடிக்கவும் தெரியலைன்னு ஹாப்பர் கிண்டலா சொல்லியிருக்காங்க. டெல்டா குறி 4 ஆயிடும், பி எழுத்து 13 ஆயிடும். சரி, கூட்டறதும் காப்பியடிக்கறதும்தானே கணினியோட வேலை, அதையே செய்யச் சொல்லுவோமேன்னு யோசிச்சாங்க. துணை நிரல்களை எல்லாம் ஒரு டேப்ல வரிசையா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அழைப்பு எண். எந்த எண்கள் எந்த வரிசையில வேணும்னு மட்டும் நீங்க சொன்னா, இயந்திரமே எடுத்து, முகவரி மாத்தி, கோத்துக் கொடுத்துடும். இதுதான் ஏ-0, 1952. கம்பைலர்னு பேர் வச்சாங்க. இன்னைக்கு நாம கம்பைலர்ங்கறதை விட லிங்கர், லோடருக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம். ஆனாலும் கணினியை வச்சே கணினிக்கு ப்ரோகிராம் தயாரிக்கலாம்ங்கறது சின்ன விஷயமா?

யாரும் தொடலை! ஓடற கம்பைலர் கையில இருக்கு, தொட ஆளில்லை. கணினி கூட்டல் கழித்தல்தான் செய்யும், ப்ரோகிராம் எல்லாம் எழுதாதுன்னு அவங்களுக்கே பாடம் எடுத்தாங்களாம்.

அடுத்ததா கணக்குப்பிள்ளைகளுக்காக, குறியீட்டுக்குப் பதிலா ஆங்கிலச் சொற்களால் எழுதற மொழி வேணும்னு போனாங்க. அதுக்கும் முடியாதுன்னு பதில். பட்ஜெட் கேக்கறதுக்காக ஒரு குட்டி மாதிரியைத் தயார் பண்ணி, ஆங்கிலத்துல ஓட்டிக் காட்டினதோட நிக்காம, அதையே ஃப்ரெஞ்சுலயும் ஜெர்மன்லயும் ஓட்டிக் காட்டினாங்க. இயந்திரத்துக்கு எந்த வார்த்தையா இருந்தா என்ன, எல்லாமே பிட்டுதானே? மேலிடம் மிரண்டுடுச்சு. ஃபிலடெல்ஃபியாவில் செஞ்ச அமெரிக்க இயந்திரம் எப்படி ஜெர்மன் பேசும்! இல்லைங்க, ஆங்கிலத்துல மட்டும்தான் செய்வோம்னு சத்தியம் பண்ணாத குறையா சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அதிலேர்ந்து வந்தது ஃப்ளோ-மேட்டிக், அதை முக்கிய அடிப்படையா வச்சு வந்தது கோபால். (கோபாலை எழுதின கமிட்டியில் ஜீன் சாமெட், பெட்டி ஹோல்பர்ட்டன்னு வேற பெண்களும் உண்டு. ஹாப்பர் அங்கே ஆலோசகர்தான். மொத்தப் புகழையும் ஒருத்தர் தலையில கொட்டறது சாமெட்டுக்குப் பிடிக்கலை, அது நியாயமும்தான்.)

இப்ப என் வழக்கு. எங்க டீம்ல மாசக் கடைசி பேட்ச் ஓடினா, பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் ரெண்டு ஜன்னல்ல திறந்து வச்சு, சின்னப் பசங்க கண்ணாலயே ஒப்பிட்டுப் பார்க்கணும். ஒரு ராத்திரி முழுக்கப் போகும். நான் அதை ஒப்பிட்டுச் சொல்ற ஒரு குட்டி டூல் எழுதினேன். லீடுகிட்ட காட்டினா, பத்து வருஷமா இப்படித்தான் பண்றோம், கிளையண்ட் ஒத்துக்க மாட்டான்னார். ஆறு மாசம் ஃபோல்டர்ல தூங்கிச்சு. அனுமதி கேக்காம செஞ்சுடுங்கற பொன்மொழியைத் தெரிஞ்சவங்க எல்லாரும் எனக்குச் சொன்னாங்க. செஞ்சாச்சே! செஞ்ச பிறகு யாரும் தொடலைன்னா என்ன பண்றதுன்னு எந்தப் போஸ்டர்லயும் இல்லை.

அந்த பதில் ஹாப்பர் செஞ்சதுல இருக்கு. கட்டுரை எழுதினாங்க, ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. அடுத்து வந்த ஏ-2 கம்பைலரை மூல நிரலோடவே வாடிக்கையாளர்கள்கிட்ட கொடுத்து, திருத்தம் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டாங்க. மேலே கதவு சாத்தினா, உபயோகிக்கிறவன் பக்கமா சுத்திப் போயிருக்காங்க. செய்யறது பாதி வேலை, விக்கறது மீதிப் பாதிங்கற மாதிரி நடந்துக்கிட்டாங்க. மன்னிப்பு கேக்கற வசனம் அந்த ரெண்டாவது பாதியை முழுசா மறைச்சுடுது. அதனாலதான் எனக்கு அந்த வசனத்து மேல கொஞ்சம் கடுப்பு. அட்மிரலுக்கு மன்னிப்பு கிடைக்கும், ஆறு வருஷ அனுபவத்துக்கு வார்னிங் லெட்டர்தான் கிடைக்கும்.

மூணாவது வசனம் வேற ரகம். அதை அந்தம்மா வாழ்ந்தே காட்டினாங்க. ஆபீஸ்ல இடமிருந்து வலமா இல்லாம எதிர்ப்பக்கமா சுத்தற கடிகாரம் மாட்டி வச்சிருந்தாங்க. மணி சரியாத்தான் காட்டும். பழகினா அதுலயும் மணி பார்க்கலாம், அவ்வளவுதான் மாற்றம்கிறது. 1966 கடைசியில் 60 வயசுல கடற்படை ரிட்டயர் பண்ணிச்சு. 1967-ல் ஆறு மாசத்துக்குன்னு திரும்பக் கூப்பிட்டாங்க, ஆளாளுக்கு ஒரு மாதிரி இருந்த கோபாலை ஒழுங்குபடுத்தணும்னு. அந்த ஆறு மாசம் முடியவே இல்லை. இடையில 1971-ல் ஒரு ரிட்டயர்மென்ட், மறு வருஷமே திரும்ப அழைப்பு. கடைசியா விட்டது 1986 ஆகஸ்ட்டில், வயசு 79. அப்புறமும் வீட்டுல உக்காரலை, டிஜிட்டல் எக்யூப்மென்ட் கம்பெனியில் ஆலோசகரா சேர்ந்துட்டாங்க. 1969-ல் அவங்களுக்குக் கிடைச்ச ஒரு விருதோட பேரு 'ஆண்டின் சிறந்த கணினி மனிதன்', ஆண்பால்ல! வாங்கிட்டுச் சிரிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

1999 டிசம்பர் 31 ராத்திரி வரைக்கும் இருந்து பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க. 1992 ஜனவரி 1-ல் காலமானாங்க. இருந்திருந்தா, வருஷத்துக்கு ரெண்டே இலக்கம் ஒதுக்கி வச்ச கோபால் ப்ரோகிராம்களைத் திருத்த, சென்னையிலேர்ந்து விசா வாங்கிப் போன நம்ம அண்ணன்மார்களையும் பார்த்திருப்பாங்க.

ராஜினாமா மெயில் இன்னும் ட்ராஃப்ட்லதான் இருக்கு, அழிக்கலை. டூலை பக்கத்து மாட்யூல்ல ரெண்டு சின்னப் பசங்ககிட்ட கொடுத்தேன். முதல் வாரமே பதினொரு தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க, திருத்திட்டேன். இப்ப நாலு பேர் உபயோகிக்கறாங்க. போன மாசக் கடைசி பேட்ச்ல அவங்க ஒன்பதரை மணிக்கே வீட்டுக்குப் போனதை லீடும் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. அடுத்த வியாழக்கிழமை டீம் மீட்டிங்ல டெமோ காட்ட பதினஞ்சு நிமிஷம் கேட்டிருக்கேன். அனுமதி கேட்டுத்தான்.