அலையா, அனலா? கருவும் ரேடியோ அலையும்: கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

புறநகர் மின்ரயிலில் கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது உருக்காலைகளின் புகைபோக்கிகளுக்கிடையே செல்போன் கோபுரங்களும் தெரியும். கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் பயம் எழுவது பெரும்பாலும் கோபுரத்தைப் பார்த்துத்தான். அந்தப் பயம் தவறான இடத்தில் போய் நிற்கிறது என்பது என் வாதம். ரேடியோ அலை கருவை என்ன செய்யும் என்ற ஆய்வின் வரலாறு, தொடக்கம் முதலே பெரும்பாலும் வெப்பத்தின் வரலாறு.

சென்னைக்குச் செல்போன் வந்தது 1995இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, மூட்டுவலிக்கு ரேடியோ அலையால் உடலுக்குள் சூடேற்றும் டயாதெர்மி மருத்துவமனைகளில் புழங்கியது. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய தொலைத்தொடர்பு மாநாடு, 27.12 மெகாஹெர்ட்ஸைத் தொழிலுக்கும் மருத்துவத்துக்குமான அலைவரிசைகளில் ஒன்றாக ஒதுக்கியது. ஷார்ட்வேவ் டயாதெர்மிக்கும் பிவிசி ஷீட் ஒட்டும் மெஷினுக்கும் அதுவே பொதுவாயிற்று.

ரெயின்கோட், ஃபைல் உறை போன்றவற்றை ஊசி நூல் இல்லாமல் ஒட்டும் மெஷின் அது. இரண்டு ஷீட்டை அடுக்கிப் பெடலை மிதித்தால் பித்தளை எலெக்ட்ரோடு இறங்கும். சில நொடிகளில் பிளாஸ்டிக் உள்ளிருந்தே இளகி ஒட்டிக்கொள்ளும். அடுப்பும் இல்லை, தீயும் இல்லை. அதனால் பயமும் இல்லை. மேசை இடுப்பு உயரம். அதன் முன் கர்ப்பிணி ஒருவர் உட்கார்ந்தால் எலெக்ட்ரோடுக்கு மிக அருகில் இருப்பது அவர் வயிறுதான்.

இதே அலைவரிசையில்தான் 1980களில் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் லேரியும் உடன் பணியாற்றியோரும் சினை எலிகளைச் சோதித்தார்கள். தாயின் உடல்வெப்பம் 41.5 டிகிரி செல்சியஸை எட்டியபோது பிறவிக் குறைகளும் கருவின் மரணமும் கூடத் தொடங்கின. மனிதரில் விடை இவ்வளவு சுத்தமாக வரவில்லை. பெண் பிசியோதெரபிஸ்டுகளிடம் ஊலே-ஹெல்ஸ்ட்ராமும் ஸ்டூவர்ட்டும் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரோவேவ் டயாதெர்மி கையாண்டவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு விகிதம் 1.28, ஷார்ட்வேவில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் உடலுக்குள் ஆழமாகப் போவது ஷார்ட்வேவ்தான். ஆழம் போவது தப்பித்து, மேலோடு நிற்பது மாட்டிக்கொண்டது எப்படி? இந்த முரண் எனக்கு உறுத்துகிறது. 1.28ஐ வைத்துக்கொண்டு யாரையும் மிரட்ட முடியாது.

செல்போன் காலத்து ஆய்வுகள் இன்னும் வழுக்குகின்றன. 2008இல் டென்மார்க்கில் 13,159 குழந்தைகளிடமும், 2017இல் ஐந்து நாடுகளில் 83,884 தாய்-சேய் இணைகளிடமும், கர்ப்பகாலத்தில் அதிகம் பேசிய தாய்மாரின் குழந்தைகளுக்கு நடத்தைச் சிக்கல் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. அந்த ஆய்வுகள் கருவை எட்டிய அலையை அளக்கவில்லை. பேச்சுப் பழக்கத்தைக் கேட்டுக் குறித்தன. போன் இருந்தது காதில்.

இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் கோபுர வரம்பைச் சர்வதேச வரம்பின் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். உடலில் புகும் ஆழம் வேறு என்றாலும், உச்சி வெயில் அதே பரப்பில் கொட்டுவது ஏறக்குறைய 1000 வாட். தொலைத்தொடர்புத் துறையின் வரம்பு கோபுரத்தோடும் கைபேசியோடும் நின்றுவிடும். ஒட்டும் மெஷினைத் தொடாது. சர்வதேச வழிகாட்டி 2020இல், கர்ப்பிணித் தொழிலாளரைப் பொதுமக்களுக்கான கடுமையான வரம்பில் வைக்கச் சொன்னது: முழு உடலுக்குக் கிலோவுக்கு 0.4 வாட் அல்ல, 0.08 வாட். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பட்டியலிட்ட நோய்களில் ரேடியத்தாலும் எக்ஸ்ரேயாலும் வருபவை இருந்தன. ரேடியோ அலையால் வருபவை இல்லை.

கரு தாயைவிடச் சுமார் அரை டிகிரி கூடுதல் சூட்டில் வாழ்கிறது. தன் சூட்டை வெளியேற்ற அதற்குத் தாயின் உடலே வழி. தாய் கொதித்தால் அந்த வழி அடைபடும். கொதிக்கவைத்தது அலையா, உலையா என்பது கருவுக்கு ஒன்றுதான். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017இல் தொடங்கித் தமிழகத்தின் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் சுமார் இரு மடங்காக இருந்தது. அங்கே ரேடியோ அலைக்கு வேலையே இல்லை.

கும்மிடிப்பூண்டி இண்டக்‌ஷன் உலைகளில் பழைய இரும்பு சுமார் 1600 டிகிரியில் உருகுகிறது. உலையின் மின்சாரம் சில நூறு ஹெர்ட்ஸ் அதிர்வில் ஓடுகிறது. ரேடியோ அலைக்கு வெகு கீழே. திருவள்ளூர் செங்கல் சூளைகளில் மின்சாரமே வேண்டாம், வெயிலும் விறகும் போதும். அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணின் தாய்-சேய் அட்டையில் எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் கட்டங்கள் இருக்கின்றன. அவர் வேலை செய்யும் இடம் எத்தனை டிகிரி என்று எழுதக் கட்டம் இல்லை.