பாய மறுத்த வாலிபர்

நம்மவர் பலர் இன்று வாழும் ஒஸ்லோ நகரில் உள்ளது ஹொல்மென்கொல்லன் குன்று. சறுக்குப் பலகைகளைக் காலிற் பூட்டிப் பனிச்சரிவில் வழுக்கி வந்து ஆகாயத்திற் பாயும் போட்டி அங்கே 1892இல் தொடங்கியது. அன்று பாய்ந்த மிகக் கூடிய தூரம் 21.5 மீற்றர்.

1940 ஏப்ரலில் ஜேர்மனியப் படை நோர்வேயுட் புகுந்தது. ஆக்கிரமிப்பாளரின் ஏவலாட்கள் விளையாட்டுச் சங்கங்களையும் தம் வசப்படுத்த முனைந்தபோது, வீரர்கள் போட்டிகளிற் பங்குபற்ற மறுத்தனர். 1941 முதல் 1945 வரை அக்குன்றிற் போட்டியே நடைபெறவில்லை. வாலிபத்தின் பொன்னான ஐந்து ஆண்டுகளை அவர்கள் இழந்தனர்; மானத்தை இழக்கவில்லை.

1946இற் போட்டி மீண்டது; 1952இல் ஒலிம்பிக் போட்டியும் அங்கே நடந்தது. 2010இல் உருக்கினாற் புதிதாய் எழுந்த மேடையிலிருந்து, 2019இல் 144 மீற்றர் பாய்ந்தனர். எனினும், வாலிபர்களே, அக்குன்றின் பெரும் புகழ் எவரும் பாயாத அவ்வைந்து ஆண்டுகளுக்கே உரியது.