ஓர் ஒல்லாந்த ஓவியர் கண்ட இலங்கை முகங்கள்



கற்பிட்டிக்குச் சென்றவர்கள் அங்குள்ள ஒல்லாந்தர் கோட்டையைக் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயரின் இயேசு சபைத் துறவிகள் தேவாலயம் வைத்திருந்த இடத்தில், 1667ஆம் ஆண்டில் தொடங்கி 1676ஆம் ஆண்டில் அது கட்டி முடிக்கப்பெற்றது. புத்தளக் களப்பின் வாயிலைத் தம் கைக்குள் வைத்துக் கொண்டால் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் கடல் வாணிகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது ஒல்லாந்தர் கணக்கு. ஊரிலுள்ள பழைய தேவாலயத்துக் கல்லறைக் கற்களில் ஒல்லாந்தப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அக்கோட்டைக்கு முருகைக்கல் சுமந்த இளைஞர் எத்தகைய முகத்தினர்? அவர் பெயரை எக்கல்லும் கூறவில்லை.

கம்பனியின் ஏடுகள் யானையையும் கறுவாவையும் பாக்கையும் எண்ணின. மனிதரை எண்ணியபோதும் அவர்தம் முகங்களைக் காட்டவில்லை. அக்காலத்து இலங்கை மக்களை நேரிற் பார்த்து வரைந்த ஒருவர் உண்டு. அவர் ஆம்ஸ்டர்டாமில் 1631இற் பிறந்த ஈசாயாஸ் பூர்ஸ் என்னும் ஓவியர்.

பூர்ஸ் அரசரையோ தளபதிகளையோ நாடிச் சென்றவரல்லர். அடுப்பருகே சமைக்கும் பெண், சவர்க்காரக் குமிழி ஊதும் சிறுவன் ஆகியோரே அவர் தூரிகைக்கு உரியவர். சமைக்கும் பெண்ணின் படத்தை இன்று இலண்டன் வாலஸ் சேகரிப்பிற் காணலாம். பிற்காலத்தில் அவருடைய படங்கள் சில வெர்மீரின் கைவண்ணமெனக் கருதப்பட்டதுமுண்டு. எனினும் உயிரோடிருந்த காலத்தில் ஓவியம் அவருக்கு வயிற்றுப்பாட்டைத் தீர்க்கவில்லை போலும். 1661இற் கம்பனியின் சேவையிற் சேர்ந்து கப்பலேறினார்.

கொழும்பு ஒல்லாந்தர் வசமாகி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1662ஆம் ஆண்டளவில் அந்நகரிலும் அயலிலும் அவர் வரைந்த படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. ஒரே ஏட்டில் அவை எஞ்சியுள்ளன. கோட்டையும் வீடுகளும் அதிலுண்டு. ஆயினும் நம் கண்ணை நிறுத்துவன நின்றும் இருந்தும் தம் வேலையிலிருந்தும் காணப்படும் எளிய மக்களின் உருவங்களே. எவரும் கூலி கொடுத்து வரையச் சொன்னதாகத் தெரியாத படங்கள். ஆதலால் எவரையும் மகிழ்விக்க வேண்டிய தேவையும் அவருக்கிருக்கவில்லை போலும். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த பால்தேயு பாதிரியாரின் புகழ்பெற்ற நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் படங்களோடு வெளிவந்தது. அதே ஆண்டில், இரண்டாம் முறை கடற்பயணம் புறப்பட்ட பூர்ஸ் கப்பலிலேயே உயிர் நீத்தார். நூல் ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. ஏடோ உலகறியாது கிடந்து, 1996இலேதான் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அரும்பொருட்காட்சியகத்தை வந்தடைந்தது!

ஆயினும் பூர்ஸையும் அளவு கடந்து போற்ற வேண்டியதில்லை. குமிழி ஊதும் ஒல்லாந்தச் சிறுவனுக்கு அவர் தந்த வண்ணமும் பொழுதும் இந்நாட்டு மக்களுக்குக் கிடைக்கவில்லை. இவர்கள் குறிப்பேட்டுக்குள்ளேயே நின்றுவிட்டனர்.

இந்நாட்டு இளைஞர் பெருஞ்சுவரில் முழு உருவம் பெற மூன்று நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் செல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் 1900இற் பிறந்த டேவிட் பெயின்றர் கண்டி திருத்துவக் கல்லூரிச் சிற்றாலயத்திற் சுவரோவியங்கள் தீட்டினார். விவிலியக் கதைமாந்தர் அங்கே கறுத்த மேனியோடும் இந்நாட்டு இளைஞரின் முகத்தோடும் நிற்கின்றனர். 1943இல் தோன்றிய 43 குழுவினர் புதுநெறி நாடிச் சென்றபோதும், கண்ணாற் கண்டவாறு வரையும் முறையை அவர் விடவில்லை. பழைமைவாதம் என்று அதனைச் சிலர் தள்ளினர். ஆனால் அச்சுவரின் முன் நிற்கும் கல்லூரி மாணவன் தன் வகுப்புத் தோழனைப் போன்ற ஒருவனை அங்கே காண்கிறான்.